போருக்கும் டீ டைம் உண்டுங்க

பல்லடம் ரோட்டுல கறிக்கோழி லாரி கவுந்து, கோழியெல்லாம் டவுன் பஸ்ஸுக்குள்ள ஏறி சீட்டுப் புடிச்சு உக்காந்துச்சே, அந்த வருசம்ங்க கண்ணு. வருசத்தோட நம்பரக் கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள்ள நான் போனதே அங்க ஆழ்துளைப் போர்ல மோட்டாரு சிக்கிக்கிட்டப்பத்தான். அன்னிக்கு ஊருல ஒரு ஊடு பாக்கியில்லாம கோழிக் கொழம்பு கொதிச்சுது. லாரிக்காரன் வந்து விசாரிச்சா, கோழின்னா எப்படி இருக்கும்னே தெரியாதவங்களாட்ட எல்லாரும் முழிக்கறாங்க. கண்டக்டரு கையத் தொடச்சுக்கிட்டே வந்து பதில் சொன்னாரு.

அந்த வருசம் கார்த்திகைக்கு அப்பறந்தான் நம்ம பக்கத்துத் தோட்டங்கள்ல சோலாரு வரிசையா எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சுது.

உங்க சோலாரு கம்பெனி மொதலாளி "புதுசா சேந்த பசங்க, அனுபவத்தச் சொல்லுங்க"ன்னு என்னையக் கூட்டியாந்து பேனுக்கடியில உக்கார வெச்சிருக்காரு. வடையும் வாங்கிக் குடுத்திருக்காரு, சொல்லாமப் போக முடியாது. மோட்டாரு தூக்கறது, எறக்கறது, ஒயரு ஜாயிண்டு, அதெல்லாம் நான் சொல்லப் போறதில்லீங்க. அது உங்குளுக்கு போன்லயே வருது. தோட்டத்துக்கே போகாம, ஊட்டுல கட்டல்ல படுத்துக்கிட்டு, பேனலு சௌக்கியமா இருக்குதான்னு பாத்துப்போடறீங்க. எங்க காலத்துல அந்த வசதி இல்லாததால, பாவம், நாங்க நேர்ல போயிப் பாக்க வேண்டியிருந்துச்சு.

சோலாருக்கு முன்னால எப்படின்னா, மூணு பேஸு கரண்டு மொறை வெச்சுத்தான் வரும். பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம். கரண்டாபீஸ்காரங்கள நாங்க திட்டாத திட்டு இல்லீங்க. இப்ப ரோசனை பண்ணிப் பாத்தா, பூமிக்கடியில கெடந்த தண்ணிக்கு அவியதான் காவல் இருந்திருக்காங்க. அது அவியளுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கொரு விழா எடுத்துப் பொன்னாடை போத்திக்கிட்டிருப்பாங்க. கரண்டு போனா மோட்டாரு நிக்கும். மோட்டாரு நின்னா போர்ல தண்ணி சித்தெ மேல ஏறும். சூரியன அப்படி நிறுத்தி வெக்க லைன்மேனும் இல்ல, புடுங்கறதுக்குப் பீஸுக்கட்டையும் இல்ல. விடிஞ்சா ஓடும், பொழுது உழுந்தா நிக்கும். நடுவால ஒருத்தனும் நிறுத்தறதில்ல. காசில்லாம வர்றத நிறுத்தறதுக்கு நம்மூர்ல ஆளு பொறக்கலீங்க. கோழிக் கொழம்பு கொதிச்ச அந்தக் கதைதான்.

கோவிந்தசாமின்னு ஒருத்தரு. பனியன் கம்பெனி வெச்சு நல்லா சம்பாரிச்சவரு. கம்பெனிய மகன்கிட்டக் குடுத்துப்போட்டு சாமளாபுரத்துக்கு இக்கட்டால இருக்கற தென்னந்தோப்புக்கு வந்துட்டாரு. டாக்டரு நடக்கச் சொன்னாராமா. ஆளு தோப்புக்கு வந்துட்டாரு, வாயி மட்டும் கம்பெனியிலயே தங்கிப்போச்சு. தேங்காய "பீஸு"ம்பாரு. தானா உழுந்த குரும்பைய "ரிஜக்ட்டு"ம்பாரு. போர்ல வர்ற தண்ணி "அவுட்புட்டு".

சோலாரு போட்டன்னிக்கு அவரு மொகத்தப் பாக்கோணுமே. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி இருந்திருக்க மாட்டாரு. யானைத் தும்பிக்கைத் தண்டிக்குத் தண்ணி கொட்டுது, பொழுதுக்கும் கொட்டுது. மரம் குடிச்சது போவ மிச்சம் வாய்க்கால்ல போயி ரோட்டுல நிக்குது. மழை பேஞ்சு பாத்தியெல்லாம் தளும்பறப்பக் கூட மோட்டாரு ஓடுது.

"ஏனுங், மானத்துத் தண்ணியே நிக்குதேங்க?"ன்னு நான் கேட்டேன்.

"லைனு நிக்கக் கூடாதுங் மேஸ்திரி. லைனு நின்னா லாஸு"ன்னாரு.

யாருக்கு லாஸுன்னு நான் கேக்கலீங்க. கம்பெனிக்காரங்க சொன்னா நாம தலையாட்டிப் பழக்கம்.

வேலிக்கு அக்கட்டால ரோசம்மான்னு ஒரு பொம்பளை. துண்டு நெலம், சின்னப் போரு, கறவ மாடுக. தீவனப்புல்லு போட்டு, பால ஊத்திப் பொழைக்கறா. அதுக்கு முன்னால அவளுக்கு எங்க வேலைங்கறீங்க? இதே கோவிந்தசாமி கம்பெனியில கைமடி. டெய்லருக்குப் பக்கத்துல நின்னு துணிய மடிச்சு மடிச்சுக் குடுக்கற வேலை. வருசக்கணக்கா நின்னு காலு வீங்கிப்போச்சு. சீட்டுப் போட்டு ஒவ்வொரு மாடா வாங்கிக் கட்டிப்போட்டு, "இனி நான் மாட்டுக்கு மட்டுந்தான் நிப்பேன்"னு வந்தவ.

அங்க இருந்தப்ப அவ பண்ணுன ஒரு காரியத்தச் சொல்லோணும். சிப்மெண்ட்டு அவசரம்னு கோவிந்தசாமி ஒருக்கா டீ டைம நிறுத்திப்போட்டாராமா. திருப்பூர்ல சம்பளத்தக் கூடத் தள்ளிக் குடுக்கலாம், டீ டைம்ல கை வெக்க முடியுமுங்களா? எல்லாரும் குனிஞ்ச தல நிமிராம தெச்சுக்கிட்டிருந்தாங்களாமா. ரோசம்மா போயி மெயின் சுச்ச ஆப் பண்ணிப்போட்டா. கம்பெனி பூராம் இருட்டு. "மொதலாளி, கரண்டு போச்சாட்ட இருக்குது. வர்ற வரைக்கும் டீ குடிச்சுப்போட்டு வந்தர்றோம்"னு பொம்பளைங்கள ஒட்டுக்காக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டாளாமா. அதுக்கப்பறம் அந்தக் கம்பெனியில டீ டைமத் தொட்ட ஆளில்ல.

சோலாரு ஓட ஆரம்பிச்சு ரெண்டு வெள்ளாமைப் பட்டம் போயிருக்கும். ரோசம்மா போரு காத்து கக்க ஆரம்பிச்சுது. புஸ்ஸுங்குது, கொஞ்சம் தண்ணி வருது, மறுக்கா புஸ்ஸு. என்னையக் கூப்பிட்டா. போயிப் பாத்தேன்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. தண்ணி கீழ போயிருச்சு."

"எங்கீங்கண்ணா போச்சு?"

வேலிக்கு அக்கட்டால தும்பிக்கை கொட்டற சத்தம் நல்லாவே கேட்டுது. பூமிக்கு மேல வேலி போட்டிருக்கறோம், கம்பி நல்ல கம்பிதான். அடியில யாரு போட்டா?

அவ மூஞ்சி செத்துப்போச்சு. "இது நின்னா புல்லு காயும். புல்லு காஞ்சா மாட்ட வித்துப்போடோணும். வித்துப்போட்டு நான் மறுக்கா அந்தாளு கம்பெனிக்கே போயி நிக்கோணுமுங்களா?"

நேராப் போயிக் கேட்டும் பாத்திருக்கறா. "சித்தெ நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க மொதலாளி"ன்னு. "நான் உன்ற தண்ணியா எடுக்கறேன் அம்மிணி? என்ற போரு, என்ற பேனலு, மேல இருக்கற வெயிலு எல்லாத்துக்கும் பொது"ன்னாராமா. பொதுன்னு எதச் சொல்றதுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காரு பாருங்க.

சரி, இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன். வடைய எடுத்துக்குங்க, ஆறிப்போகுது.

பேனலு மேல தூசி உழுகுது. நம்ம பக்கத்துத் தூசி சாதாரணத் தூசியா? ஒரு பக்கம் தறிக்குடோன் பஞ்சு, ஒரு பக்கம் கோழிப்பண்ணை உமிப்பொட்டு. மாட்டிக் குடுத்த பையன் உங்களாட்டத்தான், டீசர்ட்டு போட்டவன், "தண்ணி ஊத்திக் கழுவுங்க சார்"னு சொல்லிப்போட்டு போட்டா எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எந்தத் தண்ணின்னு அவன் சொல்லல, இவரு கேக்கல. கோவிந்தசாமி தெனமும் உச்சி வெயில்ல, அதே போர்த் தண்ணிய ஓசு போட்டு பேனலு மேல அடிக்கறாரு.

இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணி எப்படின்னு உங்குளுக்குத் தெரியும். சோப்பு நொரைக்காது. டீ வெச்சா பாலு திரியும். குண்டாவுல காய்ச்சுனா அடியில சுண்ணாம்பாட்டப் பாறை கட்டும். அவரு குடிக்கறது கேன் தண்ணி. அவரு ஊட்டு நாயி குடிக்கறதும் கேன் தண்ணி. பேனலுக்கு மட்டும் போர்த் தண்ணி. சூட்டுல பட்டதும் தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு அங்கயே தங்கிரும். அடுத்த நாளு அதுக்கு மேல இன்னொரு கோட்டிங்கு. பெயிண்டரு கூட அத்தன ஒழுங்கா அடிக்க மாட்டான்.

கொஞ்ச மாசத்துல தும்பிக்கை இளைச்சு மாட்டு வாலாட்ட ஆயிருச்சு. இவருக்கு ஒரே வெசனம். அவுட்புட்டு போச்சு, அவுட்புட்டு போச்சுன்னு சோறு எறங்கல. சோலாரு கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டா "பேனல் ஓகே சார், போர்ல தான் பிரச்சனை"ன்னு ஒருத்தன். "இன்னும் ஆழமா ஒரு போரு போட்டு, பெரிய மோட்டாரா எறக்கி, பேனல டபுள் பண்ணிருங்க"ன்னு இன்னொருத்தன். வெசனப்படறவன் கிட்ட எதச் சொன்னாலும் விக்கும்.

பழைய மோட்டாரத் தூக்கறதுக்கு என்னையக் கூப்பிட்டாரு. போரு போடற லாரிக்கும் சொல்லி வெச்சாச்சு.

எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு வாயி நெறைய வெத்தலையோட பேசுவாரு, பாதி வெளங்காது. வெளங்குன பாதியில ஒண்ணு: மோட்டாரு தூக்கற சங்கிலியத் தொடறதுக்கு முன்னால தோட்டத்த ஒரு சுத்து சுத்திப்போட்டு வா. ஒண்ணுக்குப் போறவனாட்டப் போ, தோட்டத்துக்காரனுக்குச் சந்தேகம் வராது. அப்படியே நானும் போனேன். பேனலப் பாத்தா, நோம்பிக்கு வெள்ளையடிச்ச செவுராட்ட இருக்குது. நகத்துல சொரண்டுனா பொடி உதுருது.

அவரு ஊட்டுல கொஞ்சம் புளி வாங்கியாந்தேன். அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குண்டா கறுத்துப்போனா எதுல வெளக்குவாங்க? அதுதான். ஒரு மூலையில தேச்சுத் தொடச்சேன். உள்ள கண்ணாடி கறுப்பா மின்னுது, என்ற மூஞ்சியே தெரிஞ்சுது. நோவு இங்க இருக்குது, ஆபரேசன் அங்க பண்ணப் பாக்கறாங்க.

அப்பறம் நூல்ல ஒரு இரும்பு நட்டக் கட்டி போருக்குள்ள ஓரமா எறக்கிப் பாத்தேன். தண்ணி கீழ போகலீங்க. மோட்டாரு கொறைவா இழுத்ததால, போன தடவ நான் பாத்ததுக்கு மேல ஏறியிருக்குது.

அப்பப் பாத்து வேலிக்கு அக்கட்டால ரோசம்மா. கையில மோருச் சொம்பு, கண்ணு மோட்டாரு தூக்கற என்ற முக்காலி மேல. "ஏனுங்கண்ணா, பெருசு போடறாங்களா? இப்பத்தான் என்ற போரு காத்துக் கக்கறது நின்னு புல்லு பச்சை புடிக்குது. மாதாவுக்கு மெழுகுவத்தி கூட ஏத்திப்போட்டு வந்தேன்."

மாதா கண்ணத் தொறக்கல கண்ணு. இவரு பேனலுதான் கண்ண மூடியிருக்குது.

இந்த எடத்துல சித்தெ நின்னு ரோசனை பண்ணுங்க. உண்மையச் சொன்னா, நாலு உருண்டைப் புளியில பேனலு சுத்தமாயிரும், தும்பிக்கை மறுக்காக் கொட்டும், ரோசம்மா போரு கக்கும். சொல்லாம உட்டா, சாயங்காலம் லாரி வருது. ஆழமாத் தொளைச்சு, பெரிய மோட்டாரு எறக்குனா, அவ போரு கக்கறதுக்குக் கூட ஒண்ணுமிருக்காது. வாய மூடிக்கிட்டு நல்லவனா இருக்கற வசதி அன்னிக்கு எனக்குக் கெடைக்கல. கோவிந்தசாமி வாட்சப் பாத்துக்கிட்டு நிக்கறாரு.

"என்னங் மேஸ்திரி, தூக்கலாமா?"

"மோட்டாரத் தூக்க வேண்டாமுங்க. லாரிக்கு வேண்டாம்னு சொல்லிருங்க. பேனல்ல உப்பு ஏறியிருக்குது. புளி போட்டுத் தேச்சாப் போதும்."

மனுசன் அப்படியே பூத்துட்டாரு. "அட, புளியா! அப்ப அவுட்புட்டு பழையபடி வருமுங்களா?"

"வரும். வந்து கொஞ்ச மாசத்துல உங்க போரும் காத்துக் கக்கும். ஏனுங், உங்க கம்பெனியில மிசினு பத்து ஓடுது, நூலு வர்றது அஞ்சுக்குத்தான். என்ன பண்ணுவீங்க?"

"கடனுக்கு நூலு வாங்கி ஓட்டுவேன்."

தொழில்காரருங்க!

ரோசம்மாதான் வேலியப் புடிச்சுக்கிட்டு பேச்ச எடுத்தா. "அந்தக் கடன என்ற போர்லருந்துதான வாங்குவீங்க மொதலாளி?"

"உன்னைய யாரு அம்மிணி கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிட வேண்டியதில்லீங்க. நீங்க ஓட்டற ஓட்டுக்கு, அடுத்த மாசம் நானே வந்து உங்க கம்பெனி வாசல்ல நிப்பேன். மாடு போச்சுன்னா எனக்கு அந்த எடந்தான். தாராளமா ஓட்டுங்க, நான் வர்றேன். மெயின் சுச்சு அங்கயேதான இருக்குது?"

கோவிந்தசாமிக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "வேண்டாஞ் சாமி. நீ போனதுக்கப்பறந்தான் அங்க நாங்க நிம்மதியா இருக்கறோம்."

"அப்ப என்னைய இங்கயே இருக்க உடுங்க. உங்க மிசினுக்கு டீ டைம் இருந்துச்சு. டெய்லருக்கு இருந்துச்சு. போருக்கு மட்டும் இல்லீங்களா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவரு என்னையப் பாத்தாரு. நான் பத்து மிசினு சொன்னப்ப ஏறாதது, அவ டீ டைம்னதும் ஏறிருச்சு. கம்பெனிக்காரரு காதுல கம்பெனிச் சொல்லுதான் போகும். நானுந்தான் சொன்னேன், ஆனா நான் நூலச் சொன்னேன். நூலுன்னா அவருக்குக் கடன் ஞாவகம் வருது. டீ டைம்னா இருட்டு ஞாவகம் வருது.

"சரி, எவ்வளவு நேரமுங் மேஸ்திரி?"ன்னு எங்கிட்டக் கேக்கறாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள அவ பேரம் ஆரம்பிச்சுட்டா.

"டீ டைம் மட்டும் பத்தாதுங்க. சாப்பாட்டு டைமும் சேத்துப் போடுங்க. உச்சி வெயில்ல நிறுத்திப்போட்டு, வெயிலு சாயறப்ப மறுக்கா உடுங்க. ஞாயித்துக்கெழம லீவு."

"ஞாயித்துக்கெழம எதுக்கு லீவு?"

"நான் கோயிலுக்குப் போயிருவேன். உங்க போரு என்ன பண்ணுதுன்னு யாரு பாக்கறது?"

"அப்ப சனிக்கெழமையானா சம்பளமும் போடோணுமா?"

"சம்பளம் வேண்டாங்க. தீவாளிக்கு போனசு மட்டும் குடுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. லாரிக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம்னுட்டாரு. நான் அந்த நாளு பூராம் புளி போட்டுத் தேச்சேன். மோட்டாரு தூக்கற முக்காலி பக்கத்துல நிக்குது, நான் பாத்தரம் வெளக்கிக்கிட்டிருக்கறேன். கழுவறதுக்குக் கேன் தண்ணி, அவரு ஊட்டு நாயோடது.

கதை முடிஞ்சுதுன்னு கையத் தட்டாதீங்க. மனுசன் மனசு ஒரு நாள்ல மாறும்னா கரண்டாபீஸே வேண்டியதில்ல. தை, மாசி வரைக்கும் சொன்ன பேச்சுப்படி ஓட்டுனாரு. சித்திரை வெயிலு வந்துது. பேனலு மேல அத்தனை வெயிலு, மோட்டாரு சும்மா நிக்குது. அவருக்கு வயித்தெரிச்சல் தாங்கல. கொட்டற காச எட்டி நின்னு பாக்கறவராட்ட, உச்சிப்பொழுது பூராம் பேனலச் சுத்திச் சுத்தி நடக்கறாரு. டாக்டரு சொன்ன நடை அப்பத்தான் நடந்தாரு. கடைசில ஒரு நாளு சுச்சப் போட்டுட்டாரு.

நாலஞ்சு நாளு போயிருக்கும். மத்தியானம் ஊட்டுக்குள்ள படுத்துக்கிட்டே எனக்குப் போன் பண்றாரு. "மேஸ்திரி, நல்ல வெயிலு, மோட்டாரு நின்னு நின்னு வருது. ஓடியாங்க."

போனேன். தோப்புக்குள்ள நுழையறப்பவே தெரிஞ்சுருச்சு. பேனலு வரிசை பூராம் ரோசம்மா ஊட்டுப் போர்வை, சமுக்காளம், மாட்டுக்குப் போத்தற சாக்கு, பழைய பனியன் துணி. தண்ணி சொட்டச் சொட்ட விரிச்சிருக்குது. ரோசம்மா வேலியோரத்துல புல்லு அறுத்துக்கிட்டிருக்கறா, தல நிமிரல.

"இது என்ன அம்மிணி?"ன்னு அப்பத்தான் வெளிய வந்து பாத்த கோவிந்தசாமி கத்தறாரு.

"துணி காயப் போட்டிருக்கறேனுங்க மொதலாளி. நீங்கதான சொன்னீங்க, வெயிலு எல்லாத்துக்கும் பொதுன்னு."

"டீ டைம் முடிஞ்சுருச்சு!"

"நெசமா? எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே. உங்க போருதான் நாலு நாளா ஓவர்டைம் பாக்குது."

அவரு என்ற பக்கம் திரும்பறாரு. "நீங்க சொல்லுங் மேஸ்திரி, இத என்ன பண்றது?"

"சித்தெ பொறுங்க. காஞ்சா எடுத்துருவாங்க"ன்னேன். வேற என்ன சொல்றது? மோட்டாரு கோளாறுன்னா பாக்கலாம். போர்வைக் கோளாறு நான் படிக்கல.

அப்பப் பாத்துக் காத்தடிச்சு ஒரு சமுக்காளம் தூக்குச்சு. ரெண்டு பேனலு வெயிலப் பாத்துது. மோட்டாரு ஒறுமிக்கிட்டு எந்திரிச்சுது. கொழாயில என்ன வந்துதுன்னு நெனைக்கறீங்க? புஸ்ஸு. கொஞ்சம் சேத்துத் தண்ணி. மறுக்கா புஸ்ஸு. அவரு போரு. அவரோடது.

மூணு பேரும் கொழாயவே பாத்துக்கிட்டு நிக்கறோம். பேசற வேலைய அது பாத்துக்கிச்சு.

கோவிந்தசாமி மெதுவாப் போயி சமுக்காளத்த இழுத்துப் பேனலு மேல போத்துனாரு. சுத்தி முத்தியும் பாத்தாரு. ஒரு செங்கல்ல எடுத்து முனையில வெச்சாரு. மோட்டாரு நின்னுது.

"சாயந்தரம் எடுத்துரு அம்மிணி"ன்னாரு.

"மஞ்ச வெயிலு வந்தா எடுத்துர்றேனுங்க."

அவ்வளவுதான் பேச்சு. இன்னிக்கும் ரோசம்மா மாடுக அங்கதான் நிக்குது. போனவாரங்கூட அந்த மோருதான் குடிச்சேன். ரெண்டு போரும் ஓடுது, ரெண்டும் ஓய்வெடுக்குது.

நீங்க வேலை முடிச்சுப்போட்டு போட்டா எடுக்கறப்ப, ஒரு காரியம் பண்ணுங்க. பேனலுக்குப் பின்னால வேலி தெரியுதான்னு பாருங்க. அந்த வேலிக்கு அக்கட்டால ஒரு ஆளு புல்லு அறுத்துக்கிட்டிருக்கும். அந்த ஆளு போரு எத்தனை ஆழம்னு ஒருக்கா விசாரிச்சுப்போட்டு வண்டியில ஏறுங்க. தோட்டத்துக்காரருகிட்ட "பொழுதுக்கும் ஓட்டலாம் சார்"னு சொல்லாதீங்க, டீ டைம் எப்பன்னு சொல்லிக் குடுங்க. கழுவறது எந்தத் தண்ணியிலங்கறதையும் சேத்துச் சொல்லுங்க, அது உங்க வேலைதான்.

நாளைக்கு உங்குளுக்குக் கீழ வேற பசங்க சேருவாங்க. அவிய கிட்டயும் இதச் சொல்லோணும் சாமி. என்ற பேரு வேண்டாம், யாரோ ஒரு மோட்டாருக்காரன்னு சொல்லுங்க போதும். அந்தப் போர்வை சமாச்சாரத்த மட்டும் வெளிய உடாதீங்க. ஊருப் பொம்பளைங்க பூராம் பேனலு மேல துணி காயப் போட ஆரம்பிச்சா உங்க கம்பெனிக்குப் போன் மேல போனா வரும்.

இல்ல, இருக்கட்டும். அதையும் சொல்லிருங்க.